ஒரு கார் அகலம்

எதிர்வீட்டு அம்மா சொன்னார் என்பதற்காக உங்கள் படத்துக்கு முன்னால் விளக்கெண்ணெய் விளக்கு ஏற்றுகிறேன். நல்லெண்ணெய் சீக்கிரம் தீர்ந்துவிடுமாம், இது நின்று எரியுமாம். முதல் நாள் திரி கருகி அணைந்தபோது எழுந்த புகையில் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நீங்கள் இல்லை, சோழவரம். நான் ஒருமுறைகூடப் பார்த்திராத சோழவரம். உங்கள் நாட்களில் ரேஸ் கார் என்ஜினுக்கு இதே ஆமணக்கெண்ணெய் கலந்த ஆயில்தான் ஊற்றுவார்கள் என்றும், அது எரிகிற வாசனை மைதானம் முழுக்க நிற்கும் என்றும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறீர்கள். "கோயில்ல வெளக்கு அணைஞ்சா ஒரு வாசனை வருமே, அதாம்மா. அதுல கொஞ்சம் பெட்ரோல் சேத்துக்கோ." அப்படிச் சொன்னவருடைய படத்துக்கு முன்னால் அதே வாசனை. சிரிப்பு வந்திருக்கலாம், அழுகையாவது வந்திருக்கலாம். இரண்டும் வரவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டுப் போய்க் குக்கரை அடுப்பில் வைத்தேன்.

இப்படித்தான் இருக்கிறேன். நன்றாக இருக்கிறேன் என்று எழுத முடியவில்லை. மோசமாக இருக்கிறேன் என்று எழுதினால் அதுவும் பொய். பெங்களூரிலிருந்து மகள் தினமும் போன் செய்கிறாள். "அழுதியாம்மா?" என்று மாத்திரை சாப்பிட்டாயா என்பதுபோலக் கேட்கிறாள். "அழுதேன்டி" என்கிறேன். நிம்மதியாகப் போனை வைக்கிறாள். பௌர்ணமிகள் வந்து போயின. வேங்கிக்கால் வரைக்கும் வண்டிகளை நிறுத்திவிட்டு ஜனங்கள் நம் தெரு வழியாக மலை சுற்றப் போனார்கள். நம்முடைய வாடகை வேன்களும் ஓடின. எல்லாம் பக்கத்து வீட்டு டிவியில் நடப்பதுபோல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் ரேஸ் ஆரம்பிக்கிற நேரத்துக்குக் கை தானாக ரிமோட்டை எடுத்துவிடுகிறது. பார்க்கிறேன். ஆரம்பத்தில், முடிந்த பிறகு யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

கல்யாணமான புதிதில் அந்தச் சத்தமே எனக்குப் பிடிக்காது. என் பிறந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் சினிமா. இங்கே வந்தால், கேபிள் இழுத்த நாளிலிருந்து கார்கள் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவதை நீங்கள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் அரிவேன். அரிந்துகொண்டே காதில் விழுந்ததுதான் எனக்குத் தெரிந்த ரேஸ். எந்த டயர் எவ்வளவு தாங்கும், மழை வந்தால் யார் முன்னால் வருவார்கள், ஏன் ஒருவன் வேண்டுமென்றே பின்தங்கிப் போகிறான் என்பதெல்லாம் காயோடு சேர்ந்து கைக்கு வந்துவிட்டது.

பேச ஆரம்பித்தது உங்களை எதிர்க்கத்தான். டிவியில் ஓட்டுகிற பையன்களை நீங்கள் திட்டாத வாரம் கிடையாது.

"இவன்லாம் டிரைவரா? காதுல ஒருத்தன் பேசிக்கினே இருக்கான். எப்ப பிரேக் புடிக்கணும், எப்ப டயர் மாத்தணும், எல்லாம் அவன் சொல்றான். இவன் தலையாட்டுறான். யாராவது உரசிட்டா போதும், ஸ்கூல் பையன் மாதிரி டீச்சர் கிட்ட போட்டுக் குடுக்குறான். எங்க காலத்துல காதுல பஞ்சு, கையில ஸ்டியரிங், அவ்ளோ தான்."

"அந்த ஸ்டியரிங்ல எத்தனை பட்டன் இருக்குன்னு பாருங்க," என்றேன் நான். "அத்தனையும் அமுக்கிக்கினே அந்த ஸ்பீடுல திருப்புறான். உங்களுக்கு மிக்சி பட்டனே இன்னும் தெரியல."

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். நான் ரேஸைக் கவனித்துக்கொண்டிருந்தேன் என்பது உங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து டிவியில் ஓட்டுகிறவர்கள் "உன் பசங்க" ஆனார்கள். பழைய ஆட்கள் எனக்கு "உங்க ஆளுங்க". நான் தாலுகா ஆபீசில் வேலை பார்த்த அத்தனை வருஷமும், அதற்குப் பின்னாலும், நம் வீட்டில் நடந்த ஒரே சண்டை இதுதான் என்று சொல்லலாம். மற்றதற்கெல்லாம் நமக்கு நேரம் இருக்கவில்லை.

திறமையைப் பற்றிய பேச்சில் சில நாள் நீங்கள் இறங்கி வருவீர்கள். எட்டு வயதிலேயே சின்ன கோ-கார்ட் வண்டியில் உட்கார்ந்துவிடுகிறார்கள், கழுத்துக்கென்று தனியாகப் பயிற்சி செய்கிறார்கள் என்று நான் சொன்னால், "அது சரி" என்பீர்கள். நடத்தை என்று வந்தால்தான் ஒரு அங்குலம் நகர மாட்டீர்கள். ஒருவனை ஒருவன் ஓரம் கட்டி வெளியே தள்ளுவதை இப்போது யாரும் தப்பாகவே நினைப்பதில்லை என்பது உங்கள் கட்சி. ரோட்டுக்கு வெளியே விசாலமாகத் தார் போட்டு வைத்திருக்கிறார்கள், தள்ளப்பட்டவன் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறான்.

"எங்களுக்கு வெளிய போனா மரம். இல்லன்னா டிரம். அதனால ஒருத்தனுக்கு ஒருத்தன் இடம் விட்டோம். பயம் இருந்தா தான்ம்மா மரியாதை இருக்கும்."

"பயத்துல குடுக்குறது மரியாதையா? அத நான் தினமும் ஆபீஸ்ல பாக்குறேன். கலெக்டர் கார் போற வரைக்கும் தான் நிக்கும்."

பதில் இல்லாதபோது நீங்கள் அந்தக் கதையைச் சொல்வீர்கள்.

கீழ்பென்னாத்தூரில் உங்கள் அப்பாவுக்கு மணிலாக்கொட்டை வியாபாரமும் இரண்டு லாரிகளும் இருந்த காலம். ஒரு பழைய காரை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றி எறிந்து, சோழவரத்தில் ஓட்டப் போனீர்கள். பழைய விமான ஓடுதளம் அது. வளைவுகளுக்கு வைக்கோல் கட்டும் டிரம்மும்தான் எல்லை. நீங்கள் கடைசியாக ஓட்டிய ரேஸில் கடைசிச் சுற்று. நீங்கள் உள்பக்கம். வெளிப்பக்கம் உங்களோடு ஒட்டிக்கொண்டு ஒரு வேலூர்க்காரர். வளைவில் காரைக் கொஞ்சம் அகலமாக விட்டிருந்தால் அவருக்குப் போக வழியே இருந்திருக்காது. நீங்கள் விடவில்லை. "ஒரு கார் அகலம் இடம் குடுத்தேன். அந்த இடத்துல பூந்து அவன் போய்ட்டான். கப்பும் போய்ட்டுது. போவட்டும்." அதற்கப்புறம் லாரிகளைப் பார்த்துக்கொள்ள அப்பா கூப்பிட்டுவிட்டார், ரேஸ் முடிந்தது. லாரி போய் வேன் வந்தது. வேன் ஓட்ட வருகிற ஒவ்வொரு டிரைவருக்கும் முதல் நாள் இந்தக் கதை உண்டு. மகளுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தபோதும் இதையேதான் சொன்னீர்கள்.

நான் ரிடையர் ஆன வருஷம், "உன் பசங்கள நேர்லயே பாத்துட்டு வரலாம் வா" என்று இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானத்துக்கு அழைத்துப்போனீர்கள். வெயில் தாங்க முடியவில்லை. டிவியில் கார்கள் ஓடுவதைப் பார்ப்பதற்கும் நேரில் பார்ப்பதற்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொரு கார் கடந்து போகும்போதும் நெஞ்சுக்கூட்டுக்குள் ஏதோ அதிர்ந்தது. ஓட்டியவர்களில் பாதிப் பேருக்கு மீசைகூடச் சரியாக முளைத்திருக்காது. ஒருவன் இன்னொருவனை வளைவில் இடித்துச் சுழற்றிவிட்டான். "பாத்தியா, பாத்தியா" என்று என் கையைத் தட்டினீர்கள். ரேஸ் முடிந்து கூடாரங்களின் பக்கம் போனோம். இடித்த பையனும் இடிபட்ட பையனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இடிபட்டவன் கையால் வளைவைக் காட்டி ஏதோ சொல்ல, மற்றவன் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடுவதுபோலச் செய்தான். உங்கள் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபமில்லை. புரியாத பாஷையில் இரண்டு பேர் பேசுவதைக் கேட்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இன்னா தலைவரே! உயிரோட தான் இருக்கீங்களா?"

கைத்தடி ஊன்றி, இடது காலை இழுத்து இழுத்து ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல சிரித்த முகம். நீங்கள் அசையாமல் நின்றீர்கள். அவர் உங்கள் தோளில் கை போட்டார். பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நான் வேலூரும்மா. சாரும் நானும் சோழவரத்துல ஒண்ணா ஓட்டினவங்க. இந்தக் கால் இருக்கு பாருங்க, இது உங்க வீட்டுக்காரர் குடுத்தது தான்."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குப் புரியவில்லை என்பதைப் பார்த்து, அந்தப் பையன் போலவே கையால் வளைவைப் போட்டுக் காட்டினார்.

"கடைசி ரவுண்டு. நான் வெளிப்பக்கம். சார் உள்ள. இடம் விடுவாருன்னு பாத்தேன், விடல. அப்டியே ஓரம் கட்டினாரு. நேரா வைக்கோலு, அப்பறம் டிரம்மு. சார் ஃபர்ஸ்ட்டு வந்தாரு, நான் ஆஸ்பத்திரி போனேன். கப்பு வாங்கக் கூட நிக்கலியாமே, பசங்க சொன்னாங்க. எதுக்கு தலைவரே அப்டிப் போனீங்க? அப்ப எல்லாருமே அப்டித்தானம்மா ஓட்டினோம். நானும் ரெண்டு பேரைத் தள்ளிருக்கேன்." பெஞ்சில் இருந்த பையன்களைக் காட்டினார். "இவங்க கிட்ட நாம நிக்க முடியாது. அந்த மூணாவது திருப்பத்த இவன் எடுத்த ஸ்பீடுல நாம எடுத்திருந்தா பெங்களூர்ல போய் விழுந்திருப்போம். தப்பு பண்ணாலும் அன்னைக்கே பேசித் தீத்துக்குறாங்க. நாம பேசி எத்தனை வருசம் ஆவுது?"

அவர் உங்கள் நம்பரைக் கேட்டார். நீங்கள் வாயைத் திறக்காததால் நான் சொன்னேன்.

திரும்பி வரும்போது காஞ்சிபுரம், வந்தவாசி எல்லாம் தாண்டினோம். சேத்துப்பட்டில் டீ குடிக்க நிறுத்தினீர்கள். டீ ஆறி ஏடு படிந்தது. கிளாசைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

"சத்தியமா சொல்றேம்மா. எனக்கு இடம் விட்டதா தான் ஞாபகம்."

"சரி விடுங்க."

"இல்ல. நான் பொய் சொல்லல. கண்ண மூடினா அவன் கார் அந்த இடத்துல போறது தெரியுது. கலர் கூட தெரியுது."

நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். நீங்கள் என்னை ஏமாற்றவில்லை. அந்த வளைவில் விட்டிருக்க வேண்டிய இடத்தை அதற்கப்புறம் தினமும் மனசுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வந்திருக்கிறீர்கள். ஒரு நாள் அது நிஜமாகவே ஒரு கார் அகலத்துக்கு வந்துவிட்டது. இதை அன்று உங்களிடம் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. ஆறின டீயை மாற்றித் தரச் சொல்லிக் கடைக்காரரிடம் கிளாசை நீட்டினேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. என் கட்சி ஜெயித்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நானே உங்களைச் சீண்டிப் பார்த்தேன். "பாருங்க, திரும்பவும் ரேடியோவுல அழுவுறான், உங்க ஆளுங்களா இருந்தா இப்டி அழுவாங்களா?" என்றேன். "நல்லா தான் ஓட்டுறான்" என்று மட்டும் சொன்னீர்கள். காதுல பஞ்சு இல்லை, மரம் இல்லை, டிரம் இல்லை. ஒரு புது டிரைவர் வேன் ஓட்டச் சேர்ந்தான். சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டீர்கள். கதை சொல்லவில்லை.

பிறகு அந்த மழை நாள் ரேஸ். எங்கோ ஒரு நாட்டில் மழை, டிவியில் கார்களுக்குப் பின்னால் தண்ணீர் புகைபோல எழுந்துகொண்டிருந்தது. ஒரு சின்னப் பையன் தனக்கு முன்னால் போன பெரிய ஆளை உள்பக்கமாக வந்து தள்ளி வெளியே அனுப்பினான். நடுவர்கள் அவனுக்குச் சில விநாடிகள் அபராதம் போட்டார்கள். முடிந்ததும் மைக்கை நீட்டிக் கேட்டார்கள். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றுகொண்டு, தப்பு என்னுடையதுதான், அவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன் என்றான். இரண்டே வரி. முகத்தில் பெரிய வருத்தம்கூட இல்லை. தும்மினால் மூக்கைத் துடைப்பதுபோல, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு நின்றான்.

"எவ்ளோ சுலபமா சொல்றான் பாரு," என்றீர்கள். பல வாரங்களுக்குப் பிறகு நீங்களாகப் பேசியது அது.

எழுந்து போனை எடுத்துக்கொண்டு உள் ரூமுக்குப் போனீர்கள். கதவு முழுசாக மூடவில்லை. "சாப்டீங்களா?" என்று கேட்டது காதில் விழுந்தது. கால் வலி எப்படி இருக்கிறது, வேலூரில் மழை உண்டா, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று போய்க்கொண்டே இருந்தது. பிறகு உங்கள் குரல் தணிந்து, "அன்னைக்கு அந்தத் திருப்பத்துல..." என்று ஆரம்பித்தது.

நான் டிவி சத்தத்தை ஏற்றினேன். யாரோ பாட்டிலைக் குலுக்கி யார் மேலேயோ பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் கத்தியது. நீங்கள் வெளியே வரும்வரை அந்தச் சத்தத்தைக் குறைக்கவில்லை. வந்து உட்கார்ந்தீர்கள். கண் சிவந்திருந்தது. "இன்னா இவ்ளோ சத்தம்?" என்று ரிமோட்டை வாங்கிக் குறைத்தீர்கள். நான் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் வேலூர்க்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கே வந்தார். ஆம்பூரிலிருந்து பிரியாணி வாங்கி வந்திருந்தார். மூன்று பேரும் உட்கார்ந்து ரேஸ் பார்த்தோம். அவர் என் கட்சி. இரண்டு பேர் சேர்ந்துகொண்டதில் உங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஸ்பீடு அவங்களுக்கு ஜாஸ்தி தான், ஒத்துக்குறேன். எங்க காலத்துல நாங்க மோசமா தான் ஓட்டினோம். ஆனா ஒண்ணு. பிரேக் இல்லாத காரை நிறுத்தத் தெரியுமா உங்க பசங்களுக்கு?"

"நமக்கு மட்டும் தெரிஞ்சுதா?" என்று அவர் தன் காலைத் தட்டிக் காட்டினார். நீங்கள் இரண்டு பேரும் இருமல் வரும்வரை சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னால் உங்களிடம் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் அதை எங்கே வைத்திருந்தீர்கள் என்று நினைத்தேன்.

அப்புறம் கொஞ்ச நாள்தான். காலையில் வேன் ஷெட்டுக்குப் போனவர், டயரில் காற்று பார்க்கக் குனிந்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். டிரைவர் போன் செய்தபோது நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்தேன். பால் பாக்கெட்டை ஃபிரிட்ஜில் வைத்தேன். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தேன். அன்றைக்கு நான் செய்த எல்லாமே எனக்கு இப்படித் துல்லியமாக நினைவிருக்கிறது. மனசில் பட்டதுதான் எதுவும் நினைவில் இல்லை.

வேலூர்க்காரர் வந்தார். கூட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். காரியத்துக்கும் வந்தார். எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அவர் மட்டும், "ரேஸ் பாக்குறீங்களாம்மா?" என்று கேட்டார். பார்க்கிறேன், ஆனால் ஒன்றும் ஏறவில்லை என்றேன். "பாருங்க. முடிஞ்சதும் நான் போன் பண்றேன். யாரு ஜெயிச்சான்னு நீங்க எனக்கு சொல்லணும்," என்றார். அவருக்கே தெரியும் யார் ஜெயித்தார்கள் என்று. இருந்தாலும் ஒவ்வொரு வாரமும் கேட்கிறார். முதல் வாரங்களில் தெரியாது என்றேன். பிறகு அவருக்குச் சொல்வதற்காகவே கடைசிச் சுற்றை மட்டும் கவனித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேச்சு வளர்ந்துவிட்டது. பழைய ஆட்களுக்கு இந்தப் பையன்களின் பொறுமை கிடையாது என்று அவர் சொன்னார். எனக்கு எங்கிருந்து வந்ததோ, "அவன் காதுல ஒருத்தன் சொல்லிக் குடுக்குறான், பொறுமையா இருக்கான். உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தாங்க?" என்றேன். நான் உங்கள் கட்சியைப் பேசியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு அவர் கேட்டார்.

"ஏம்மா, அன்னைக்கு சார் எனக்கு போன் பண்ணாரே. இன்னா பேசினாருன்னு நீங்க கேக்கவே இல்லியே?"

"நான் டிவி சத்தத்த ஏத்திட்டேங்க."

"தெரியும். எனக்கும் கேட்டுது. சொல்லட்டுமா?"

சொல்லுங்கள் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது நெஞ்சுக்குள் ஏதோ அதிர்ந்தது. மைதானத்தில் கார்கள் கடந்துபோனபோது அதிர்ந்ததே, அதேபோல. இத்தனை மாதங்களில் எனக்குள் அசைந்தது அது ஒன்றுதான். நீங்கள் பேசியது எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒன்றுகூடப் புதிதாக இனி வராது. அந்த உள் ரூமில், மூடாத கதவுக்குப் பின்னால் சொன்னதை மட்டும்தான் நான் இன்னும் கேட்கவில்லை.

"இன்னொரு நாள் சொல்லுங்க," என்றேன். "அடுத்த வாரமும் போன் பண்ணுவீங்க இல்ல?"

"பண்றேம்மா," என்றார்.

போனை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கேட்டுவிட்டால் அதுவும் முடிந்துவிடும். உங்களிடமிருந்து எனக்கு வர வேண்டிய ஒரு பேச்சு இன்னும் வேலூரில் பத்திரமாக இருக்கிறது.